எல்லம்மாக்காவோட ஊக்கு

எல்லம்மாக்கா கை படாத உடம்பு எங்க கம்பெனியில ஒண்ணுகூட கிடையாது. பொம்பளைங்களைச் சொல்றேன். ஆம்பூர் பைபாஸ் ஓரமா இருக்கிற ஷூ கம்பெனி. பேர் வேணாம், எனக்கு இன்னும் அங்கதான் சோறு. காலையில உள்ள போகும்போது ஒரு தடவை, சாயங்காலம் வெளிய வரும்போது ஒரு தடவை, கேட்டுப் பக்கத்துல தகரத் தடுப்புக்குப் பின்னால நின்னுக்கினு எங்க எல்லாரையும் தடவிப் பாத்து அனுப்பறதுதான் அக்காவோட வேலை. தோள், கக்கம், இடுப்பு, பாவாடை மடிப்பு. அப்புறம் டிபன் பாக்ஸைத் திறந்து காட்டணும். புடவை மேல ஆம்பளைச் சட்டை, கொண்டை மேல நிக்காத ஒரு தொப்பி, கழுத்துல விசிலு. புதுசா வர்ற பொண்ணுங்களுக்கு மொத நாள் அழுகையே வந்துடும். "எனக்கு மட்டும் உன்னைத் தொட ஆசையாம்மா, போ, போ"ன்னும் அக்கா. அதுக்கும் அலுப்பு, எங்களுக்கும் அலுப்பு.

என் பேரு பில்கிஸ். ஷூவோட மேல் பாகத்தை அப்பர்னுவோம், அதைத் தைக்கிற செக்‌ஷன்ல டெய்லர். வீட்ல உருது, லைன்ல தமிழ், கோவம் வந்தா ரெண்டும். எனக்குக் கோவம் ஜாஸ்தின்னு சொல்லுவாங்க. சொல்லிட்டுப் போறாங்க. நாள் பூரா ஒரே தையலைத் தைச்சுப் பாக்கட்டும், அப்புறம் பேசட்டும்.

ஊக்கு விஷயத்தை மொதல்ல சொல்லிடறேன். ஷூவுக்குள்ள ஊசி முனை ஒண்ணு தங்கிட்டா வெளிநாட்டுல ஏதோ ஒரு புள்ளை கால்ல குத்திடுமாம். அதனால தைக்கும்போது ஊசி உடைஞ்சா, எல்லாத் துண்டும் கிடைக்கிற வரைக்கும் மெஷினைத் தொடக்கூடாது. தரையில உக்காந்து காந்தத்தை வெச்சுத் தேடணும். அதே மாதிரி ஊக்கும் உள்ள வரக்கூடாது. புடவையில குத்தினது, ஜாக்கெட்டுல குத்தினது, தாலிக் கயித்துல கொத்தா மாட்டியிருப்பாங்களே அது, என்னை மாதிரி ஆளுங்க ஹிஜாப்ல குத்தறது, எல்லாத்தையும் கேட்லயே கழட்டிடணும். எங்க பக்கத்துப் பொம்பளைங்க ஊக்கு இல்லாம டவுன் பஸ் ஏற மாட்டோம். நெரிசல்ல பின்னாடி நிக்கிறவன் கை நீளும்போது வேற எது இருக்கு எங்ககிட்ட? கத்தினா நம்மளைத்தான் நாலு பேர் திரும்பிப் பாப்பாங்க. குத்தினா அவன் மட்டும் கத்துவான்.

அந்த ஊக்கையெல்லாம் வாங்கி வெக்கிறது அக்காதான். பழைய ரப்பர் சோல் ஒண்ணை அந்தத் தகரத்துல கட்டித் தொங்கவிட்டிருக்கும். ஆளாளுக்கு அதுல ஒரு இடம். என்னுது குதிகால் பக்கம். சாயங்காலம் யாரும் கேக்காமலே அவங்கவங்க ஊக்கைப் பிடுங்கிக் கையில குடுக்கும். தாலி ஊக்கைக் கழட்ட மாட்டேன்னு அடம் பிடிக்கிறவங்ககிட்ட, "என்கிட்ட இருந்தா உன் வூட்டுக்காரனுக்கு ஒண்ணும் ஆவாது, கழட்டு"ன்னும். அக்கா கேட்டைத் தாண்டி உள்ள வர்றதில்ல, அதனால அதுக்கு இந்தச் சட்டம் இல்ல. அது தாலிக் கயித்துல பெருசா ஒரு பித்தளை ஊக்கு தொங்கும். தலையில பச்சைப் பெயிண்ட் பாதி உரிஞ்சிருக்கும்.

அக்கா பேர்ணாம்பட்டுப் பக்கத்து ஆளு. புருஷன் பேரு காசி. தோல் பதனிடற ஷாப்புல, தோலைச் சீவற ஷேவிங் மெஷின்ல நின்ன மனுஷன். ஒரு நாள் வலது கை உள்ள போயி, கட்டை விரல் மட்டும்தான் மிச்சம். ஆஸ்பத்திரியில கொண்டுபோய்ப் போட்டுட்டு அக்கா அந்த ஷாப்புக்கு ஓடிச்சு. அங்க இன்னா சொன்னாங்க தெரியுமா? காசின்னு எங்ககிட்ட ஆளே கிடையாதுன்னாங்க. அவ்ளோ வருஷம் அந்த மெஷின்ல நின்ன ஆளு, பேரே எங்கயும் இல்ல. அக்கா இதை எப்பச் சொன்னாலும் கோவமே வராது அதுக்கு. எனக்குத்தான் வரும். "கையி போனதுகூட விடு பில்கிஸு, ஆளே இல்லன்னாங்க பாரு"ன்னு சொல்லிட்டு அடுத்த டிபன் பாக்ஸைத் திறக்கும்.

அதுக்கப்பால ஊதுபத்தி உருட்டிச்சு, பீடி சுத்திச்சு, கடைசியில ஒரு ஏஜென்சியில சேந்து செக்யூரிட்டி ஆச்சு. ஏஜென்சிக்காரன் எங்க நிக்கச் சொல்றானோ அங்க நிக்கணும். கல்யாண மண்டபத்துல செருப்புக்குக் காவல், துணிக்கடையில வாசல்ல, ஏ.டி.எம். பக்கத்துல. வாயைக் கட்டிச் சேத்ததை ஒரு சீட்டுல போட்டுச்சு, சீட்டு நடத்தினவன் ஒரு நாள் காலையில வூட்டைப் பூட்டிக்கினு போய்ட்டான். அப்பகூட அக்கா ஏ.டி.எம். வாசல்லதான் நின்னுக்கினு இருந்துச்சு, அடுத்தவங்க பணத்துக்குக் காவலா. காசி அண்ணன் வூட்ல இருந்து சோறாக்குவாரு. ஒரு கையால அரிசி களையறதுக்கு அவர் ஒரு வித்தை வெச்சிருக்காரு. வெளிய போனா பெரிய பூட்டாப் போட்டு ரெண்டு தடவை இழுத்துப் பாப்பாரு. உள்ள இன்னா இருக்கு, ஒரு ஃபேனும் ரெண்டு பாயும். அதைச் சொல்லி நாங்க அக்காவை ஓட்டுவோம்.

எங்க கேட்டுக்கு வந்தப்புறம்தான் அக்காவுக்கு ஒரு ஆசை வந்துச்சு. எங்க ஆபீஸ் சமீருல்லா சார் ஒரு நாள், "எல்லம்மா, பையர் ஆடிட் நல்லபடியா முடியட்டும், உன்னை ஏஜென்சியில இருந்து எடுத்து கம்பெனி ரோல்ல போட்டுடறோம்"ன்னாரு. பையர் ஆடிட்னா ஷூ வாங்கற வெளிநாட்டுக்காரன் வந்து கம்பெனியைச் சோதிக்கிறது, கம்பெனி ரோல்னா பர்மனெண்ட். பி.எஃப்., இ.எஸ்.ஐ. எல்லாம் கம்பெனி பேர்ல வரும். அக்காவுக்கு அதெல்லாம் பெருசில்ல. "நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆச்சுன்னா, எல்லம்மா எங்க ஆளுன்னு ஒருத்தனாவது சொல்லணும் இல்ல"ன்னுச்சு. அவ்ளோதான் கேட்டுச்சு. அன்னில இருந்து தொப்பியை நேரா வெச்சுக்க ஆரம்பிச்சுச்சு, பாக்கப் பாவமா இருக்கும்.

பூர்ணிமா எனக்குப் பக்கத்து மெஷின். மாதனூர்ல இருந்து கம்பெனி பஸ்ல வர்ற பொண்ணு. வேலை சுத்தம், வாய் கம்மி. எங்க லைன் சூப்பர்வைசர் ஒருத்தன் இருக்கான். அவன் பேரைச் சொல்லி என் வாயை நான் கெடுத்துக்க மாட்டேன். தையல் சரியில்லன்னு குனிஞ்சு காட்டற சாக்குல அவன் கை எங்க போவும்னு எங்க எல்லாருக்கும் தெரியும். என்கிட்ட வர மாட்டான். கத்திரிக்கோலை மேஜை மேல வெச்சுக்கினுதான் நான் தைப்பேன், அதுவும் அவனுக்குத் தெரியும். புகார் பெட்டின்னு ஒண்ணு சுவத்துல மாட்டியிருக்கு. அவன் மேஜைக்கு நேர் எதிர்ல. யாரு போயி அதுல போடுவா?

ஒரு நாள் காலையில செக்கிங்ல எனக்கு முன்னாடி பூர்ணிமா நின்னா. அக்கா கை இடுப்புல பட்டதும் துள்ளிட்டா. அக்கா புடவையை லேசா விலக்கிப் பாத்துச்சு. கிள்ளின இடம் கன்னிப்போய் இருந்துச்சு.

"வூட்லயா, உள்ளயா?"ன்னு மெதுவா கேட்டுச்சு.

"உள்ள."

"ஆபீஸ்ல சொல்றியா? நான் கூட வர்றேன்."

"வேணாம்க்கா. அண்ணனுக்குத் தெரிஞ்சா நாளைக்கே நிறுத்திடுவாங்க. மாமனுக்குக் கட்டி வெச்சுடுவாங்க. கால்ல விழறேன், யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பின்னாடி லைன் கத்திக்கினு இருந்துச்சு, பஞ்ச் மெஷின்ல நேரம் ஓடுதேன்னு. அக்கா சட்டைக்குள்ள கையை விட்டு, தாலிக் கயித்துல இருந்த அந்தப் பச்சைத் தலை ஊக்கைக் கழட்டிச்சு. பூர்ணிமாவோட பாவாடை மடிப்புல, உள்பக்கமா, அதுவே குத்திவிட்டுச்சு. எங்க எல்லார்கிட்டயும் ஊக்கைப் பிடுங்கற கை அது.

"கிட்ட வந்தான்னா குத்து. யோசிக்கவே யோசிக்காத. சாயங்காலம் என் கையில திருப்பிக் குடுத்துடு. கீழ மட்டும் போட்டுறாத தாயி, என் பொழப்பு அதுலதான் இருக்கு."

நான் பாத்துட்டேன்னு அக்காவுக்கும் தெரிஞ்சுச்சு. நான் என் ஊக்கை ரப்பர் சோல்ல குத்திட்டு உள்ள போய்ட்டேன். அதுக்கப்பால தினம் இதே கதைதான். காலையில ஊக்கு உள்ள போவும், சாயங்காலம் வெளிய வரும்.

ஆடிட்டுக்கு ரொம்ப கிட்ட, ஒரு நாள் சாப்பாட்டுக்கு அப்புறம் பேக்கிங்ல மெஷின் கத்துச்சு. பெட்டியில போடறதுக்கு முன்னாடி ஒவ்வொரு ஷூவையும் அந்த மெஷின் வழியா விடுவாங்க, உள்ள இரும்பு, பித்தளை எது இருந்தாலும் கத்தும். அறுத்துப் பாத்தா லைனிங்குக்குள்ள ஒரு ஊக்கு. ஷூ முனையை இழுத்து ஒட்டற மெஷின்ல சிக்கி அப்பளமா நசுங்கியிருக்கு. பெருசா சின்னதா, பித்தளையா இரும்பா, ஒண்ணும் தெரியல. எங்க லைன்ல தைச்ச ஷூ அது. மொத்த லைனும் நின்னுச்சு.

பொம்பளைங்க ஒவ்வொருத்தரையும் சோதனை போடணும்னு அக்காவை மொதல் தடவையா உள்ள கூப்பிட்டாங்க. நாங்க அவங்கவங்க மெஷின் பக்கத்துல நின்னோம். சமீருல்லா சாரும் அந்த சூப்பர்வைசரும் பாத்துக்கினு இருந்தாங்க. அக்கா ஒவ்வொருத்தரா தடவிக்கினு வந்துச்சு. பூர்ணிமா மூஞ்சியில ரத்தமே இல்ல, மெஷினைப் பிடிச்சுக்கினு நிக்கிறா. அதைப் பாத்ததுமே அது தன் ஊக்குதான்னு அக்கா முடிவு பண்ணிடுச்சு. நானும்தான். பாவி, கீழ போட்டுட்டியேடீன்னு மனசுக்குள்ள திட்டிட்டேன். அக்கா அவ தோளைத் தொட்டுச்சு, கக்கத்தைத் தொட்டுச்சு, பாவாடை மடிப்பை மட்டும் தொடல. இடுப்புக்கு மேலயே கையை எடுத்துக்கிச்சு. அங்க கை வெச்சு, அது காலியா இருக்கிறதை இத்தனை பேர் முன்னாடி எதுக்குப் பாக்கணும்னு நெனச்சிருக்கும். இல்ல, அந்தப் பொண்ணு இன்னும் கொஞ்ச நேரம் நின்னா விழுந்துடும்னு நெனச்சிருக்கும். நான் கேக்கல.

"யார்கிட்டயும் இல்ல சார்"ன்னுச்சு.

"அப்ப ஒவ்வொருத்தரா ரூமுக்கு அனுப்புங்க. நான் விசாரிக்கிறேன்"ன்னான் சூப்பர்வைசர். "மொதல்ல அந்தப் பொண்ணை அனுப்புங்க, அதுதான் முழிக்குது."

அக்கா அவனை ஒரு தடவை பாத்துச்சு. அப்புறம் சார் பக்கம் திரும்பிச்சு.

"யாரையும் விசாரிக்க வேணாம் சார். அது என்னுது. என் தாலி ஊக்கு. காலையில செக் பண்ணும்போது கழண்டு யார் துணியிலயோ மாட்டிக்கினு உள்ள வந்திருக்கு. நான்தான் பாக்கல."

சட்டைக்குள்ள இருந்து தாலிக் கயித்தை எடுத்துக் காட்டுச்சு. ஊக்கு இல்ல. அதைவிட சாட்சி யாருக்கு வேணும்? சமீருல்லா சார் தலையில கை வெச்சுக்கினாரு. "இன்னாம்மா எல்லம்மா, உன்னைப் போய் ரோல்ல போடலாம்னு எழுதி வெச்சேனே"ன்னாரு. அவரு நல்ல மனுஷன்தான். நல்ல மனுஷனா இருந்து எங்களுக்கு இன்னா ஆச்சு? ஏஜென்சிக்காரனுக்கு போன் போச்சு. பைக்ல ஒருத்தன் வந்தான், விசிலையும் தொப்பியையும் வாங்கிக்கினான், அக்காவைப் பின்னாடி உக்கார வெச்சுக் கூட்டிக்கினு போய்ட்டான். அன்னிக்குச் சாயங்காலம் எங்களைச் செக் பண்ண ஆளே இல்ல. ரப்பர் சோல்ல இருந்து எங்க ஊக்கை நாங்களே பிடுங்கிக்கினோம். யாருது எதுன்னு தெரியாம அடிச்சுக்கினோம்.

எனக்கு ஆபீஸ் மேல கோவம். அக்கா மேலயும்தான் கோவம். ஊர்ல இருக்கிற பொண்ணுங்களையெல்லாம் காப்பாத்தச் சொல்லி இவளை யாரு கேட்டா? காசி அண்ணன் ஒத்தைக் கையோட வூட்ல உக்காந்திருக்காரே. அந்த வாரம் நான் தைச்சதுல பாதி ரிஜக்ட் ஆச்சு. பூர்ணிமா காய்ச்சல்னு வேலைக்கே வரல.

கேட்ல புதுசா ஒரு மெஷின் வெச்சாங்க. கதவு நிலை மாதிரி இருக்கும், உள்ள நடந்து போனா போதும், இரும்பு, பித்தளை எது இருந்தாலும் கத்தும். நம்மளை யாரும் தொடறதில்ல. நல்லதுதானேன்னாங்க. எனக்கு அதுல நடக்கும்போதெல்லாம் அக்கா கை ஞாபகம் வரும்.

அப்புறம் ஒரு நாள் பேக்கிங்ல மறுபடியும் மெஷின் கத்துச்சு. கேட்ல அந்த நிலை, யாரு உள்ள ஊக்கு கொண்டு வந்திருக்க முடியும்? இந்தத் தடவை அது நசுங்கல. சின்ன வெள்ளி ஊக்கு, கூடவே ஒரு தோல் துண்டு. சாம்பிள் ரூம்ல மொதல் ஜோடிகளுக்குக் கலர் சரியா இருக்கான்னு பாக்க, பையர் அனுப்பின தோல் துண்டை ஊக்கால குத்தி லைனுக்கு அனுப்புவாங்க. கழட்ட மறந்துட்டாங்க. போன தடவை நசுங்கினதும் இதே சாம்பிள் ரூம் ஊக்குதான்னு அப்பத்தான் புரிஞ்சுது. கம்பெனியே வாங்கின ஊக்கு. ஆபீஸ்ல யாரும் வாயைத் திறக்கல. மறுநாள் சாம்பிள் ரூமுக்கு ஊக்குக்குப் பதிலா ஒட்டற டேப் வந்துச்சு, ஊக்கு டப்பா காணாமப் போச்சு. நான் சமீருல்லா சார்கிட்ட நேராப் போயி, "அப்ப எல்லம்மாக்கா?"ன்னு கேட்டேன். "அவங்களே ஒத்துக்கினாங்களேம்மா, எழுதி அனுப்பியாச்சு"ன்னு ஃபேனைப் பாத்துக்கினு சொன்னாரு.

அதே வாரம் பூர்ணிமா வேலைக்குத் திரும்பி வந்தா. சாயங்காலம் பஸ் ஏறும்போது என் கையைப் பிடிச்சு எதையோ வெச்சா. பச்சைத் தலை ஊக்கு.

"அன்னிக்கும் என் இடுப்புலதான்க்கா இருந்துச்சு"ன்னு அழுதா. "அக்கா எனக்காகச் சொல்றாங்கன்னு புரிஞ்சுது, வாயே வரல. செக்கிங் இல்லாததால அப்படியே வூட்டுக்குப் போய்டுச்சு. இனிமே உள்ள கொண்டு போக முடியாது. நீங்களே அக்காகிட்ட குடுத்துடுங்க."

அவளை அறையலாம்னு வந்துச்சு எனக்கு. அறையல. அவளும் ஒரு புள்ளைதானே.

ஊக்கு என் பர்ஸுக்குள்ள கொஞ்ச நாள் கிடந்துச்சு. குடுத்தா, வேலை சும்மா போச்சுன்னு அக்காவுக்குத் தெரிஞ்சுடும். குடுக்கலன்னா அடுத்தவ தாலி ஊக்கை நான் வெச்சுக்கினு இருக்கேன். ரெண்டும் பேஜாருதான். ஒரு ஞாயித்துக்கிழமை வேலூருக்கு பஸ் ஏறினேன். ஏஜென்சிக்காரன் அக்காவை அங்க ஒரு ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்ல போட்டிருந்தான். தொப்பியையும் விசிலையும் திருப்பிக் குடுத்து, வெயில்ல நின்னு கார்ங்களுக்குக் கை காட்டற வேலை. நிழலுக்கு ஒரு மரம்கூட இல்ல. ஆளு கறுத்துப்போய் கன்னம் ஒட்டிப்போய் இருந்துச்சு. என்னைப் பாத்ததும், "இன்னா பில்கிஸு, யாருக்கு உடம்பு?"ன்னு பயந்துச்சு.

நான் சுத்தி வளைக்கல. ஊக்கைக் கையில வெச்சேன்.

அக்கா பச்சைத் தலையை நகத்தால தேய்ச்சுப் பாத்துச்சு.

"அப்ப ஷூவுல இருந்தது?"

"ஆபீஸ் ஊக்கு."

ஒரு கார் ஹாரன் அடிச்சுச்சு. போய் வழி காட்டிட்டுத் திரும்பி வந்துச்சு.

"அவன் இருக்கானா?"

"இருக்கான். செக்‌ஷன் இன்சார்ஜ் ஆக்கிட்டாங்க. மறுபடியும் பூர்ணிமா மெஷின் கிட்டயே சுத்தறான்."

"இவ ஒரு தடவையாவது குத்தினாளா?"

"இல்லக்கா. கையில புடிச்சுக்கினு நின்னாளாம். அவன் பாத்துட்டு நகந்து போய்ட்டானாம்."

அக்கா தொப்பியைக் கழட்டி மூஞ்சியைத் துடைச்சுக்கிச்சு. அழும்னு நெனச்சேன். அழல.

"எப்படியும் என் வேலை போச்சு"ன்னுச்சு. "ஒரு குத்தாவது குத்தியிருக்கலாம் அந்தப் பொண்ணு."

எனக்குச் சிரிப்பு வந்துடுச்சு. அக்கா ஊக்கைத் தாலிக் கயித்துல மாட்டக் கழுத்துக்குக் கொண்டு போச்சு. பாதியில நிறுத்தி, என் கையைப் பிடிச்சு அதுலயே திருப்பி வெச்சுச்சு.

"அவகிட்டயே குடு. இந்தத் தடவை குத்தச் சொல்லு."

"கேட்ல மெஷின் வெச்சிருக்காங்கக்கா. கத்தும்."

"உன் டிபன் பாக்ஸு ஸ்டீலுதானே? அதுக்கும் கத்துமே. அப்ப இன்னா பண்றாங்க?"

"திறந்து பாத்துட்டு விட்டுடறாங்க."

"சோத்தைக் கிளறிப் பாக்கறாங்களா?"

"இல்ல."

அடுத்த கார் வந்துச்சு, அக்கா விசிலை வாயில வெச்சுக்கினு போய்டுச்சு.

திங்கக்கிழமை காலையில நான் தயிர் சாதம் எடுத்துக்கினு போனேன். மெஷின் கத்துச்சு. புது செக்யூரிட்டி மூடியைத் திறந்தான், மூக்கைச் சுளிச்சான், போ போன்னான்.